பொய்க் கார்புரேட்டர்

"பழசு மாதிரிதான், பழசில்லை" என்றான் வோய்கோ,
போஸ்தோய்னாவில், மழை ஒழுகும் கொட்டகையில்.
கார்புரேட்டர் வெறும் வேஷம்;
உள்ளே கணினி சொல்லித்தான் பெட்ரோல் பாய்கிறது.

டாங்கின் இடப்பக்கம் ஒரு நசுங்கல்.
அதற்கு நூறு யூரோ குறைத்தான்.
யார் விழுந்தது என்று கேட்டேன்.
சாவியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ரொட்டிக்கடை இரவுவேலை முடித்து
கையுறைக்குள் மாவோடு
வ்ர்ஷிச் கணவாய் ஏறுகிறேன்.
கொண்டை ஊசி வளைவுகளில் கருங்கல் பாவியிருக்கிறது,
பற்கள் தந்தியடிக்கின்றன.

இருபத்து மூன்றாம் வளைவில்
முழங்கால் தானாக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது,
அளவெடுத்துத் தைத்ததுபோல்.

வோய்கோ, அந்த நூறை
நீ குறைத்திருக்க வேண்டாம்.

மேலே நிறுத்தியதும்
சூடு ஆறும் எஞ்சின் டிக் டிக் என்கிறது.
பதினாறு வருஷம் பழசாக நடித்து
நிஜமாகவே துருப்பிடித்துவிட்டது
ஒரு திருகாணி.