கடனாகப் பெறப்பட்டது

திரும்பி வந்து நான்கு நாளாகிறது.
உடம்பு இன்னும் வந்து சேரவில்லை.
இரவு இரண்டரை. சூரமங்கலத்தில் படுத்தபடி
ஜங்ஷனில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும்
இஞ்சினின் முட்டல்களை எண்ணுகிறேன்.
அங்கே இப்போது மணி பத்துதான்.
ஹெடி ஆய்வகத்தின் கடைசி விளக்கை அணைத்துவிட்டு
பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருப்பாள்.

ஐந்து மாதம்.
விசாவில், நோக்கம்: ஆராய்ச்சி.
தங்கும் வகை: தற்காலிகம்.
அறைக்கதவில் என் பெயரும் காகிதத்தில்தான்,
உரித்தால் கறை படாத பசை.
மாதேஸ்வரி முழுதாக அதில் அடங்கவில்லை.
மாதேஸ் என்று வெட்டி ஒட்டியிருந்தார்கள்.
அது என் அண்ணன் பெயர்.
ஐந்து மாதமும்
அண்ணன் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன்.

பனி விழுந்து எல்லோரும் விடுமுறைக்குப் போன வாரம்
கட்டடத்தின் அடியில் கல் அறைக்குப் போனேன்
(பிரித்தே படிக்கவும்).
நூற்றுப்பதினான்காம் இழுப்பறையில், பஞ்சின் மேல்,
காலிஃபிளவர் உதிர்ந்தது போல
ஒரு வெள்ளைக் கல்.
பழுத்த அட்டையில் சாய்ந்த மசி எழுத்து:
சேலம், மதராஸ் ராஜதானி, 1908.
அதன் கீழ் ஒரே ஒரு சொல். அகராதியைப் புரட்டினேன்.
கடனாகப் பெறப்பட்டது.

யாரிடம் என்று இல்லை.
எதுவரை என்றும் இல்லை.

நாக்கால் தொட்டேன்.
எங்கள் துறையில் இது வழக்கம், முகம் சுளிக்காதீர்கள்.
ஒட்டிக்கொண்டது.
என்னைத் தெரிந்துகொண்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
நுண்துளை உள்ள எந்தக் கல்லும்
எவர் நாக்கிலும் ஒட்டும்.
ஆனாலும் கொஞ்ச நேரம்
நாக்கை எடுக்கவில்லை.

'உன் ஊர்க் கல்லா, கொண்டு போயேன்' என்றாள் ஹெடி.
சிரிப்பதற்காகச் சொன்னாள் என்று நினைத்தேன்.
அடுத்த நாள் படிவம் கொண்டுவந்தாள், நான்கு பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
எங்கே வைக்கப்படும்?

அதற்காகத்தான் இன்று காலை
டவுன் பஸ் ஏறி வெள்ளக்கல்பட்டி போனேன்.
பழைய பதிவேட்டிலிருந்து எழுதி வந்த அட்சரேகை தீர்க்கரேகையை
போனில் போட்டுக்கொண்டு நடந்தேன்.
வேலிக்கு வெளியே நிறுத்தியது வரைபடம்.
இன்னும் எண்பது மீட்டர் நேரே போ என்றது.
நேரே ஒன்றும் இல்லை.
குழி. அடியில் பச்சைத் தண்ணீர்.
அதற்கப்பால் சேர்வராயன் மலை, வேறு ஏதோ வேலையாக.
கல் கிடந்த இடம்
இப்போது காற்றில் இருக்கிறது.
ஒரு கரிச்சான் அதன் வழியாகப் பறந்து போனது.

காவல்காரர் எழுந்து வந்தார்.
'என்னங்க தேடறீங்க?'
இடம் என்றேன்.
'மனையா? அதெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கங்க.'

ஐந்து ரோட்டில் இறங்கி
ஒரு தட்டுவடை செட் வாங்கினேன்.
பீட்ரூட் துருவல் படிவத்தில் சிந்தியது,
சரியாக அந்தக் கட்டத்தில் இல்லை,
அதற்குப் பக்கத்தில்.
துடைக்கத் துடைக்கப் பரவியது.

போன் அடித்தது.
'மாதேஸ் பேசறேன்' என்றான் அண்ணன்.

நானும்தான் என்று
வாய் வரை வந்தது.