கழித்தல் ஒன்று

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழம்பொருள் கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
கீழே, சாவி தொலைந்த பூட்டுகளைக்
கிலோ கணக்கில் நிறுக்கிறார்கள்.
மேலே நேர்மாறு.
பூட்டு எந்தக் கட்டடத்தில் தொங்குகிறதென்று தெரியாது,
சாவி மட்டும் எங்கெங்கோ உயிரோடு திரிகிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒருவன்
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே
தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை
மேற்கோள் குறிக்குள் போட்டு
வெறும் எழுத்துச் சரமாக விட்டுப் போயிருந்தான்.
அந்த ஒருவன் நான்தான்.
நேற்றுதான் கண்ணில் பட்டது.
அழித்துவிடலாம்; எவன் நகலெடுத்தானோ?
ஆகவே ராத்திரி முழுக்கப் பூட்டு மாற்றுகிறேன்.

நாங்கள் எழுதுவது வகை பார்த்துப் பேசும் மொழி.
எண் கேட்ட இடத்தில் சொல்லை வைத்தால்
ஓடுவதற்கு முன்பே சிவப்புக் கோடு கிழிக்கும்.
புதுப் பையன்களுக்கு எரிச்சல்.
‘மாடு வந்தான்’ என்றால் மதிப்பெண் போகும்,
திணை வழு, பால் வழு, எண் வழு என்று
பிழைக்கே இத்தனை பிரிவு வைத்த பாஷையில் பிறந்துவிட்டு
கம்பைலர் திட்டுகிறது என்று அழலாமா?

ரகசியம் என்றே ஒரு வகை இருக்கிறது அதில்.
அச்சிடச் சொன்னால் நட்சத்திரங்களைத்தான் அச்சிடும்.
முகவரியோடு ஒட்டினால் முகவரியும் ரகசியம்.
முகவரியை வாக்கியத்தில் சேர்த்தால்
வாக்கியம் முழுக்க நட்சத்திரம்.
பூவோடு சேர்ந்த நார் மணக்குமாம்;
இங்கே நார் வாயை மூடிக்கொள்கிறது.

மூன்று வாரமாக எனக்கும் அப்படித்தான்.
பினாங்கு வேலைக்குச் சரி என்று எழுதிப்போட்டேன்.
அன்றிலிருந்து
‘சாப்பிட்டாச்சா’ என்று யாராவது கேட்டாலும்
நட்சத்திரமாகத்தான் வருகிறது பதில்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்துகிற கத்தலில்
முன்னோட்டம் கேட்டேன்.
கூட்டல் நான்கு. மாற்றம் பதினொன்று. கழித்தல் இரண்டு.

இரண்டா?

ஒன்று தெரிந்ததுதான்.
மற்றது தரவுத்தளம்.
கோட்டையூர் முதல் திருப்பத்தூர் வரை
மருந்துக்கடைகளின் மூன்று வருட ரசீது.
பெயரைக் கொஞ்சம் அழகாக்கியிருந்தேன், அவ்வளவுதான்.
பழைய பெயரில் இருப்பதை இடித்துவிட்டுப்
புதுப் பெயரில் காலியாகக் கட்டித்தரத்
தயாராக நிற்கிறது.
வகையெல்லாம் சரி. ஒரு சிவப்புக் கோடு இல்லை.
‘வீட்டை இடி’ என்பதும்
இலக்கணம் சுத்தமான வாக்கியம்தானே.

முன்னவரும் இன்னவரும் ஒருவரே என்று
ஒரு வரி சேர்த்தேன்.
உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
மறுபடி முன்னோட்டம்.
கழித்தல் ஒன்று.

அந்த ஒன்று நான்.
அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் நான்காம் வரி,
மெ. நாச்சியப்பன்.

எங்கள் கோயிலில் புள்ளிக் கணக்கு உண்டு.
கல்யாணமானவன் ஒரு புள்ளி.
கடல் தாண்டிப் போனாலும்
வரி கட்டினால் புள்ளி அங்கேயே இருக்கும்.
எனக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை.
இந்தக் கணக்கில் இருந்தேன்.

என் மாற்றத்தை நானே ஒப்புக்கொள்ள முடியாது என்பது
நானே எழுதிய விதி.
தேவகோட்டையில் நிலோஃபர் விழித்திருந்தாள்.
பத்து நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்வி:
‘இது தவறுதலா?’
‘இல்லை.’
இன்னொரு ஐந்து நிமிடம்.
‘எந்த ஊர்?’
நட்சத்திரம் போடாமல்
பெயரைத் தட்டினேன்.

ஒப்புதல் விழுந்தது.
ஆறு பேர் ஐந்தானாலும் பட்டியல் பட்டியல்தான்.
திணை சரி, பால் சரி.
எண்ணும் சரி என்கிறது இயந்திரம்.

கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கியபின்
சும்மா ஒருமுறை தட்டிப் பார்த்தேன்,
உள்ளே போகிறதா என்று.
‘அனுமதி இல்லை.’

நன்றாக வேலை செய்கிறது.