இரண்டாம் கூரை

கம்பெனி லாரி கடைசியாக வந்துபோய்ப்
பதினாலு மாதம்.
கொட்டகைக்குள் இன்னும் அந்த எரு வாடை
கண்ணைக் கரித்தது.
தெற்குச் சுவரில் கரிக்கோடுகள்:
செத்ததை நாலு நாலாகக் கீறிக்
குறுக்கே ஒன்று இழுப்பேன் அப்போது.
மூன்று பூச்சு சுண்ணாம்பு அடித்தும்
காய்ந்ததும் எட்டிப் பார்த்தன.
விட்டுவிட்டேன்.

பணகுடிக்குத் தெற்கே, உடைமரங்களுக்கு நடுவே,
நூற்றுப்பத்தடி நீளம், இருபதடி அகலம்.
கோழி கிடந்த இடத்தில் காடை வளர்க்க
என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன்.

பழைய வலைக் கண்ணில் என் மூன்று விரல் நுழையும்.
காடைக் குஞ்சு நுழைந்து
கீரிக்கு வழியும் சொல்லிவிட்டுப் போகும்.
அரை அங்குலக் கண்ணில் புது வலை
வள்ளியூரிலிருந்து ஆறு சுருள்.
அமலோற்பவம் கம்மலைக் கழற்றித் தந்தாள்.
அடகு ரசீதைத்
தீவனச் சீட்டுகளோடு சேர்த்துக்
கம்பியில் குத்தி வைத்தாள்.

தண்ணீர்த் தட்டில் முங்கிச் சாகுமாம்.
கோலிக்குண்டு நூறு கேட்டதற்குப்
பெட்டிக்கடைக்காரர் என் நரைத்த மீசையைப்
பார்த்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார்.

குளிர்ந்தால் மூலைக்கு ஓடி
ஒன்றன்மேல் ஒன்று ஏறி
அடியில் கிடப்பதை நசுக்கும்.
ஆகவே மூலையே கூடாது.
பிரிட்ஜ் வந்த அட்டைகளை வளைத்து
நாலு மூலையையும் வட்டமாக்கினேன்.
கன்னிமூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லிக்
கெஞ்சினான் வெல்டர் சுயம்புலிங்கம்.
அதையும் வளைத்தேன்.

அவன்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
மேலே காட்டினான்:
"கறிக்கோழி மாதிரி இல்லவே இது.
பயந்துச்சுன்னா நேரே மேல போவும்.
ஆஸ்பெட்டாஸ்ல மண்டய அடிச்சுக்கிடும்.
பறக்கணும்னு மட்டும் தெரியும் பாத்துக்கிடும்,
எங்கன்னு தெரியாது."

எட்டு வருசத்தில் ஒரு கறிக்கோழியாவது
கூரையைப் பார்த்து நான் கண்டதில்லை.
கனத்த நெஞ்சைத் தரையில் போட்டுத்
தீவனத் தட்டைப் பார்த்தபடி கிடக்கும்,
நாற்பத்தைந்தாம் நாள் வரை.

கூரைக்குக் கீழே இன்னொரு கூரை கட்டினோம்,
பச்சை நைலான் வலையில்,
தொட்டில் சேலைபோலத் தொய்வாக.
"இன்னும் தளர்த்துங்க" என்றாள்.
"இறுக்கிக் கட்டினா
இதுவும் ஓடுதான்."

ஆடி ஆறாம் நாள்
பஸ் ஸ்டாண்டில் ஓட்டைபோட்ட நாலு பெட்டி.
ஆயிரம் குஞ்சு.
ஒன்று ஏழு கிராம்.
கம்மல் ஆறு.

அன்றைக்கு ராத்திரியே கரண்டு போனது,
மலையடிவாரம்வரை காற்றாலைகள்
சுற்றிக்கொண்டிருக்க.
மண்சட்டியில் கங்கு அள்ளிச் சாம்பல் மூடி
நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.
கணவாய்க் காற்று சாக்குப் படுதாவை
அறைந்துகொண்டே இருந்தது.
விடிந்ததும் பதினேழு.
கரித்துண்டோடு சுவர்வரை போனேன்.
பழைய கோடுகளுக்குப் பக்கத்தில்
இடம் இருந்தது.

இருபதாம் நாள் பின்னிரவில்
ஒரு ஷீட்டு கழன்று தடதடத்தது.
உள்ளே அத்தனையும் ஒரே மூச்சில் எழும்பின.
டார்ச்சைத் திருப்பினேன்.
வலை முழுக்கப் பொங்கியது,
உலைபோல.
பிறகு மெல்லத் தாழ்ந்து
எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்தது.
சத்தம்கூட இல்லை, ஈரத்துணி விழுந்ததுபோல்
ஒன்றுதான்.

பதினைந்து நாளில் நாகர்கோவில் ஓட்டல்காரர் வருவார்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

வெளுக்கும் நேரம்,
வெளியே உடங்காட்டில்
காட்டுக் காடை ஒன்று மும்முறை கூப்பிட்டது.
அடைகாத்த சூடே அறியாத இவை,
மிஷினில் பொரிந்த இவை,
சட்டென்று வாயடைத்து நின்றன.

"வலை நல்லாத் தாங்குது" என்றேன்.
அமலோற்பவம் பதில் சொல்லவில்லை.
வெறுங்காதில் கை வைத்தபடி
நின்றுகொண்டிருந்தாள்.