இடப்பக்கம் கொஞ்சம் மெலிந்த மழை

மூன்றாவது சீசன் வந்த வெள்ளிக்கிழமை
பஞ்சவர்ணம் ஆறு மணிக்கே சோறு வடித்துவிட்டாள்.
எட்டு எபிசோடு, ஒரே மூச்சு.
நடுவில் ஒரு தடவை கரண்டு போனது.
அப்போது மட்டும் என்னோடு பேசினாள்.

எனக்கு அந்தக் கதையில் பெரிய நாட்டமில்லை.
முதல் சீசனில் அவர்கள் பம்பாயில் சண்டை போட்டார்கள்.
இரண்டாவதில் கப்பலில் போட்டார்கள்.
இப்போது தோழி கல்யாணத்துக்கென்று
கானாடுகாத்தானுக்கு வந்து போடுகிறார்கள்.
போடட்டும்.
நான் உட்கார்ந்திருந்தது மழைக்காக.

கத்திரி தொடங்கிய வாரம்
பள்ளத்தூர் போரில் நிரப்பிக்கொண்டு வந்து
பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியை
அந்த வீட்டுப் பின்கட்டு வாசலில் நிறுத்தினேன்.
சேவுகன் ஓட்டின் மேலேறிக் குழாயைப் பிடித்தான்.
மைக்கில் ஒருவர் ‘மழை’ என்றார், பெய்தோம்.
‘போதும்’ என்றார், நின்றோம்.
மேகத்திடம் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.
நாலு லோடு.
மூணுக்குக் காசு வந்தது.

இந்தத் தடவை ஊர் முழுக்க அபிப்பிராயம்.
டெய்லர் உமையாளுக்குக் கண்டாங்கியில் குறை:
அத்தனை நல்ல சேலைமேல் பெல்ட்டா?
டீக்கடை காதர் மைதீனுக்கு ரயிலில் குறை:
“பல்லவன் ராத்திரி பத்தரைக்குல்ல காரைக்குடிக்கு வரும்,
இவளுக்கு மட்டும் எப்படி இளவெயில்ல வருது?”
கந்தரப்பத்தை அவள் முள்கரண்டியால் குத்தியதும்
எழுந்து போய்விட்டாராம் சமையல்காரர் ஆண்டியப்பன்.
அதற்குப் பின் நடந்ததை அவரிடம் யாரும் சொல்லக்கூடாது.
கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் சொன்னாள்,
“ரெண்டு பேருக்கும் கெமிஸ்ட்ரியே இல்லப்பா.”
அவள் படிப்பது கெமிஸ்ட்ரி.
சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆறாவது எபிசோடின் கடைசியில் வந்தது.
வளவின் நடுவில் அவன், தூணோரம் அவள்.
வழுக்குகிற ஆத்தங்குடிக் கல்லில்
குதிகால் செருப்போடு ஓடி வருகிறாள், விழவில்லை.
(நிஜத்தில் இரண்டு முறை விழுந்தாள்.
பாவம், சிரித்துக்கொண்டே எழுந்தாள்.
அதை வைத்திருக்கலாம்.)
இடி எங்களுடையதில்லை, பிறகு சேர்த்தது.
மழை எங்களுடையது.

“பாத்தீங்களா,” என்றாள் பஞ்சவர்ணம்.
“நனைஞ்சிட்டியான்னு கேட்டான்.
அழகா இருக்கேன்னு சொன்னான்.
மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சா வாயில?
மழை பெஞ்சா எல்லாம் தீந்து போச்சா?”

போன ஆடியில் லாரித் தவணைக்காக
அவளைக் கேட்காமல் சங்கிலியைப் பேங்கில் வைத்தேன்.
அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.
இப்போதும் டிவியைப் பார்த்துத்தான் பேசினாள்.

என்ன சொல்வதென்று தெரியாமல்
“கொஞ்சம் பின்னால தள்ளு,” என்றேன்.
“முத்தத்துக்கா?” என்றாள்.
“அதுக்குக் கொஞ்சம் முன்னாடி.
இடப்பக்கம் பாரு. சாரல் மெலியுதா?”

அப்போதுதான் பின்வாசலுக்கு ஒருத்தி வந்தாள்.
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.
“மழையாகறதுக்கு முன்னாடி
ரெண்டு குடம் குடுத்துருங்கண்ணே” என்றாள்.
கீழ்வால்வைத் திறந்தேன்.
மேலே சேவுகன் கத்தினான்.
உள்ளே அவன் அவள் முகத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

பஞ்சவர்ணம் மூன்று முறை தள்ளிப் பார்த்தாள்.
மெலிகிற இடத்தில் நிறுத்தி
திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.
“ரெண்டு குடமும் நெறஞ்சுச்சா?”
“நெறஞ்சுச்சு.”
“அப்ப இந்த எபிசோடு பரவாயில்ல.”

மீதி இரண்டையும் பார்த்து முடித்தோம்.
முன்னூறு விளக்கு, யானை, கல்யாணம்.
சங்கிலியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.
வாய்வரைக்கும் வந்தது,
அதற்குள் அவள் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

நாலாவது சீசன் ஊட்டியிலாம்.
அங்கே மழைக்கு ஆள் தேவைப்படாது.