தபால் பெட்டி எண் 1743

உறைமேல் சங்கத்தின் பெயர் வேண்டாம் என்று
எல்லோருமே எழுதுகிறார்கள்.
அதனால் அனுப்புநர் இடத்தில்
‘வசந்தா தட்டச்சுப் பயிலகம், திருவல்லிக்கேணி’.
ரப்பர் ஸ்டாம்ப், முப்பத்தைந்து ரூபாய்.

சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால்
சோற்றுப் பருக்கையில் ஒட்டிய இன்லேண்டுகள்.
கோவில்பட்டிக்காரருக்கு ஆவணியில் கல்யாணம்;
தேதி எழுதியிருக்கிறார், வரச் சொல்லவில்லை.
மெட்ராஸில் நம்மாட்கள் எத்தனை பேர்,
இன்னொருவர் கேட்கிறார்.
நான் எங்கே எண்ணினேன்?
இந்த மாதம் நாற்பத்தோரு கடிதம் என்று பதில் போட்டேன்.

அருப்புக்கோட்டை பொம்முராஜ்
சித்திரைக்குப் பிறகு எழுதவில்லை.
நானும் விட்டுவிட்டேன்.

ஆடியில் மணியார்டர், நூற்றைம்பது ரூபாய்,
அவன் அப்பாவிடமிருந்து.
கூப்பனில் பென்சில் எழுத்து:
‘பையன் உங்களிடம் தபாலில் டைப்பிங் படிப்பதாகச் சொன்னான்.
எங்கள் வீட்டில் மிஷின் கிடையாது.
உங்கள் கடிதம் வந்த நாளில் ஒழுங்காகச் சாப்பிட்டான்.
பாடம் நிற்க வேண்டாம்.’

தெரிந்துதான் எழுதினாரா?
மெஸ் மாடியில் விளக்கணைத்த பிறகும்
‘மிஷின் கிடையாது’ என்ற வரியிலேயே கிடந்தேன்.
திருப்பி அனுப்பலாம்.
அனுப்பினால் பயிலகம் பொய்யாகிவிடும்.

காலையில் பெரிய தெருவில்
நிஜமான ஒரு பயிலகத்தில் அந்தப் பணத்தைக் கட்டினேன்.
முதல் பாடம்:
யளனகபக யளனகபக
சுண்டுவிரல் வலிக்க ஒரு பக்கம் முழுக்க.
‘ள’ மட்டும் மேலே எகிறி நின்றது.

அதை மடிப்பதற்கு முன்
அடியில் கையால் எழுதினேன்:
பொம்மு,
சாப்பிட்டியா?