ஐந்துக்கு ஐந்து

ஆற்காடு ரோடு டீக்கடைகளில் பாய்லர் சூடேறும் முன்பே
இருவரையும் மிஷினுக்குள் அனுப்பி எடுத்துவிட்டேன்.
இரட்டையர். பள்ளிகொண்டா. வயது அறுபத்தெட்டு.

எத்திராஜுலுவின் மூளை நூற்றிருபது மில்லி கூடுதல்.
பெருமைப்பட ஒன்றுமில்லை, மண்டை பெரிது.
வகுத்துப் பார்த்தால் முக்கால்வாசி கரைந்துவிடும்.
அவர் வலது கை மட்டும்
இல்லாத பீடியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.
அவருக்கு நோயின் பெயர் கிடைத்துவிட்டது.

வேதவல்லிக்கு டாக்டர் கொடுத்த சொற்கள்:
சீப்பு, முள்கத்திரி, சாவி, மஞ்சள், பாலம்.
பத்து நிமிஷம் கழித்து ஐந்தையும் ஒப்பித்தாள்,
கூடவே டாக்டர் மனைவியின் சொந்த ஊரையும்.
ஃபைலில் எழுதியிருக்கிறது: நார்மல்.

என் திரையில் அந்தக் கடற்குதிரை மடிப்பு
இரண்டு பக்கமும்
சித்திரை மாசப் பாலாறு.

பேச்சு முட்டுக்கொடுத்து நிற்கிறது.
பெண்களிடம் இது நெடுநாள் தாங்குமாம்;
தாங்கும்வரை யாருக்கும் தெரியாதாம்.
அந்த பாஸ் மார்க்கை
யார் தலையை அளந்து போட்டார்களோ.

தம்பியின் சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிட்டு
வெளியே போனவள்
என் அறைக்குள்ளேயே திரும்பி வந்தாள்.
"பாத்ரூம்னு நெனச்சேன் கண்ணு."
மூன்றாவது தடவை.

ரிப்போர்ட் எழுதுவது என் வேலை இல்லை.
டாக்டர் நம்பரைத் தேடினேன்.