கிடாரி விலை

பள்ளத்தில் உருண்ட நூற்றிருபத்தைந்து சிசி வண்டியில்
உருப்படியாய் எஞ்சியவை மூன்றே சாமான்:
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி,
ஒரு இக்னிஷன் காயில்,
கட்டைவிரல் பருமனில் ஒரு பிக்கப்.
மீதியை எடைக்குப் போட்ட எல்பியோ
இவற்றை மட்டும் செருப்பு டப்பாவில் வைத்து
"உன் பைத்தியத்துக்கு, நெலிடா" என்று தந்தான்.

என் பைத்தியம்
பால் குளிரூட்டும் நிலையம் தூக்கியெறிந்த கம்ப்ரசர்.
பதினோரு வருடம் நான்தான் அதற்கு வைத்தியம் பார்த்தேன்.
இப்போது அதன் தலையில்
நான் வார்த்த அலுமினியம், நான் கடைந்த வால்வுகள்.
குளிரைப் பெற்றே பழகிய பிஸ்டனுக்கு
நெருப்பைப் பழக்க வேண்டும்.

பெட்டிக்குள் பிசின் ஊற்றி உறைய வைத்திருக்கிறார்கள்.
பிரித்துப் பார்க்க வழியில்லை.
அது கேட்பது ஒரே கேள்வி:
இரும்பு கடந்ததா?
ஆமாம் என்றால் சுடும்.
யாருடைய இரும்பு, எந்த எஞ்சின்
என்ற விசாரணையெல்லாம் கிடையாது.

ஃப்ளைவீலில் ஒற்றைப் பல் வைத்தேன்.
ஃபீலர் கேஜ் எங்கோ தொலைந்திருந்தது,
காலாவதியான வங்கி அட்டையைச் சொருகி
இடைவெளி பிடித்தேன்.
நீலக் கம்பி, பச்சைக் கம்பி, டிராக்டர் பாட்டரி.
டிரில்லை மாட்டிச் சுழற்றினேன்.

கார்புரேட்டர் வழியே தும்மியது.
என் இடது புருவம் போயிற்று.

கம்பிகளை மாற்றிப் போட்டேன், உதைத்தது.
பழையபடி போட்டேன், தும்மியது.
மூன்று ஞாயிறு இப்படி.
சர்க்யூட் படத்தை வெறித்தே
மாதே ஆறி அவிந்து போகும்.

நாலாவது ஞாயிறு வேலியோரம் வில்மார்,
இடுப்பில் லாடம் அடிக்கும் தோல் ஏப்ரன்,
கையில் ரேடியோ, முகத்தில் கொலைவெறி.
"வார மாட்டுச் சந்தை நிலவரம் சொல்கிறான்.
காளை விலை கேட்டேன், பசு விலை கேட்டேன்,
கிடாரி என்று வாயெடுத்தான்,
டக்டக் டக்டக் என்று உன் சனியன் வந்து குறுக்கே விழுந்தது!"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது.
நான் கேட்டது:
"டக் டக் டக்கா, டக்டக் டக்டக்கா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.
"நாற்பது வருடம் குதிரைக் குளம்பு கேட்ட காது, மகளே.
சீரான நடையில்லை. உன் குதிரை நொண்டுகிறது.
ஒரு சுற்றில் ஒரு காலை ரெண்டு தரம் ஊன்றுகிறது."

ஒரு பல். இரண்டு டக்.

ஃப்ளைவீலைக் கையால் திருப்பினேன்.
பல் கடந்தது.
கொஞ்சம் தள்ளி, பளபளவென்று,
ஆட்டம் நிற்க எடைக்கென்று நானே முறுக்கிய
இரும்பு போல்ட்டின் தலை.
நானே.
பெட்டி பொய் சொல்லவில்லை.
இரும்பு கடந்தது, சுட்டது.
மறுபடி இரும்பு கடந்தது, மறுபடி சுட்டது.
மூன்று வாரமாய் அதைத் திட்டிய வார்த்தைகளை
வில்மாருக்கு முன்னால் திரும்பச் சொல்ல முடியாது.

பித்தளை போல்ட் ஒன்று
பழைய தண்ணீர்க் குழாயில் கிடைத்தது.
வில்மார் பட்டறை வாசலில் குந்தி
ரேடியோவை முழங்காலில் வைத்துக்கொண்டார்.
சுழற்றினேன்.
டக். டக். டக். டக்.
"இப்ப நடக்கிறது" என்றார்.
பெட்ரோலைத் திறந்தேன்.

பிடித்தது.
கொட்டகைத் தகரமெல்லாம் அதிர,
எண்ணெய்ப் புகை கக்கி,
டிரில்லை என் கையிலிருந்து உதறிவிட்டு
நாற்பது விநாடி, அல்லது ஐம்பது,
ரேடியோவில் ஒரே இரைச்சல், எங்கள் இரைச்சல்,
வில்மார் ஏதோ கத்துகிறார், கேட்கவில்லை,
பிறகு மிதவைக் கிண்ணம் வற்றி நின்றது.

இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் தொப்பி
முதல் நாளிலிருந்தே அலமாரியில்தான் இருந்தது.
மாட்டியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார்.

சத்தம் அடங்கியபோது
ரேடியோவில் சோப்பு விளம்பரம்.
அந்த வாரம் கிடாரி என்ன விலை போயிற்று என்பது
இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.